ராகுகாலத்தில் விழுந்த மெஷின்

கம்ப்யூட்டர் படித்த ஒருவன், ராகுகாலத்தால்தான் கம்ப்யூட்டர் படுத்துவிடுகிறது என்று நம்பினான் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். அந்த மகானுபாவன் நான்தான்.

தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூரில் ஒரு திருமணத் தகவல் நிலையம். உள்ளறையில் ஒரு யூனிக்ஸ் மெஷின்; வெளிக்கூடத்தில் அதோடு இணைத்த ஆறு டெர்மினல்கள், அதாவது வெறும் திரையும் கீபோர்டும். அதை நிறுவிக் கொடுத்த கிண்டி கம்பெனியில் நான் புது இன்ஜினீயர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

ஒரே வாரத்தில் மெஷின் விழ ஆரம்பித்தது. திரையில் 'பேனிக்' என்றொரு சொல், அடியில் வண்டி வண்டியாக எண்கள். மெஷினை நடத்துகிற கெர்னலே கையை விரித்துவிட்டது என்று அர்த்தம். போன் வந்ததும் ஓடிப்போய் அந்த எண்களை உற்றுப் பார்ப்பேன். (ஒன்றும் புரியாது. ஆனால் "ம்ம்ம்" என்று இழுக்கும் கலை கைவந்திருந்தது.) கூடத்தில் கேட்டால், "ஒண்ணுமே பண்ணல சார்" என்பார்கள் டெர்மினலில் உட்காரும் ஆறு ஆபரேட்டர்களும் கோரஸாக.

நிலையத்தை நடத்திய சுந்தரேசன் மாமா கெடு வைத்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா மெஷினைத் திருப்பி எடுத்துண்டு போம்!"

என் மேனேஜர் இன்னும் சுருக்கமாகச் சொன்னார். "மெஷின் திரும்பி வந்தா, நீ வராதே."

பயத்தில் மெமரி அமைப்பில் கை வைத்தேன். கெர்னலுக்கென்று ஒதுக்கிய இடத்தை இரட்டிப்பாக்கினேன். பந்தியில் பாதி இலையைச் சம்பந்தி வீட்டாருக்கே போட்ட கதைதான். மற்ற நிரல்களுக்கு இடம் சுருங்கி, மெஷின் இன்னும் சீக்கிரம் விழுந்தது.

அப்போதுதான் அது விழும் நேரங்களைக் கவனித்தேன். செவ்வாய் மூன்றுக்கு மேல். புதன் பன்னிரண்டுக்கு மேல். வியாழன் ஒன்றரைக்கு மேல். திங்கள் மட்டும் விழவே இல்லை. அன்றைய ராகுகாலம் நிலையம் திறக்குமுன்பே முடிந்துவிடும். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

வெள்ளி பத்தரைக்கு, மாடவீதியில் வாங்கிய எலுமிச்சம்பழத்தை மெஷின் தலையில் வைத்துக் கைகூப்பி நின்றேன். மாமா உள்ளே வந்துவிட்டார்.

"என்னங்காணும் இது?"

"ராகுகாலம் சார். அதுலதான் விழுது."

ஏற இறங்கப் பார்த்தார். "ஓய், ராகுவை நான் பாத்துக்கறேன், அது என் தொழில். மெஷின் உம்ம தொழில். இப்போ அதுல என்ன ஓடிண்டிருக்குன்னு பாத்தீரா?"

பார்த்ததில்லை. எப்போதும் விழுந்த பிறகுதானே வந்திருக்கிறேன். ஓடும் நிரல்களின் பட்டியலை வரவழைத்தேன். ஆறு டெர்மினல், ஆறிலும் செஸ். (டெமோ காட்ட அதை ஏற்றிவைத்த புண்ணியவான் யார் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.)

கூடத்தை எட்டிப் பார்த்தோம். வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை. ஆபரேட்டர் கலாவதி, பட்டினப்பாக்கத்துப் பெண், தலையே நிமிரவில்லை.

"ராவுகாலத்துல எவன் சார் ஜாதகம் பதிய வர்றான்? சும்மா குந்திகினு இன்னா பண்றது? இரு சார், ராணி மாட்டிகினு கீது..."

ராணியைக் காப்பாற்றுமுன் ஆறு திரையும் உறைந்தன.

அன்றே செஸ்ஸை அழித்து, மெமரியைப் பழையபடி வைத்தேன். வேலை தப்பியது. பின்னாளில் எனக்குப் பெண் பார்த்துக் கொடுத்ததும் அதே மாமாதான். "பையன் தங்கம். கம்ப்யூட்டருக்கே பரிகாரம் பண்றவன்" என்று பெண்வீட்டாரிடம் அறிமுகப்படுத்தினார். இன்றைக்கும் வீட்டில் மிக்ஸி நின்றால் என் மனைவி என்னைக் கூப்பிடுவதில்லை. நேரே போய்க் காலண்டரைப் பார்க்கிறாள்.

மெஷின் ராகுகாலத்தில் விழுந்தது உண்மைதான். அந்த நேரத்தில் ஆள் வராது, ஆறு பேரும் சேர்ந்து செஸ் ஆடினார்கள், மெமரி போதவில்லை.