சாத்திரியாரும் நீலச் சேட்டும்

மொன்றியல் தீவில் அவரைப் போலப் பயந்த மனிதர் ஒருவர் இருந்ததில்லை. அந்தத் தீவுத் தமிழ்ச் சனத்தை அவரைப் போலப் பயமுறுத்தியவரும் இல்லை. இரண்டையும் ஒரே குளிர்காலத்தில் செய்து முடித்தவர் எங்கள் சாத்திரியார்.

எந்தக் குளிர்காலம் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். ஐஸ் மழை பெய்து, மின்கம்பங்கள் முறிந்து, நகரமே இருண்டு கிடந்ததே, அதற்கு அடுத்த குளிர்காலம். எங்களோடு அறையில் இருந்த மன்னார் மரியதாஸ் இன்றைக்கும் அதே குளிர்காலம்தான் என்று வாதாடுகிறான். மின்சாரம் இல்லாமல் வீடியோ கசெட் எப்படிப் பார்த்தோம் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான். நாள் கிழமை விஷயத்தில் மரியதாஸை நம்பக் கூடாது.

பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு கட்டடத்தின் பேஸ்மென்டில் மூன்று பேரும் இருந்தோம். சாத்திரியார் எங்கள் இருவரையும்விட மூத்தவர். டோர்வல் விமான நிலையத்தில் வந்திறங்கும் விமானங்களுக்குள் ஏறித் துப்புரவு செய்வது அவருடைய வேலை. ஆனால் விமானம் பறக்கும் என்பதே அவருக்குப் பிடிக்காது. கூட்டி முடிப்பதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிடுவார்களோ என்ற பயத்தில் கதவடிச் சீட்டுகளைத்தான் அதிகம் துடைப்பாராம். பின்வரிசைகள் அவர் காலத்தில் எப்படி இருந்தன என்று நான் விசாரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் வெளிக்கதவைப் பூட்டுவார். சங்கிலி போடுவார். பிறகு ஒரு கதிரையை இழுத்துவந்து கைப்பிடிக்கு முண்டு கொடுப்பார். பீட்சாக்காரன் வந்து மணியடித்தால் விளக்கை அணைத்துவிட்டு எங்களை நிலத்தில் இருக்கச் சொல்வார்.

"அண்ணை, நாங்கள்தானே ஓடர் பண்ணினது," என்பான் மரியதாஸ்.

"அவன் பீட்சாக்காரன்தான் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"கையிலை பீட்சாப் பெட்டி இருக்குது அண்ணை."

"பிடிக்க வாறவன் வெறுங்கையோடை வருவானே?"

வந்தவன் பிரெஞ்சில் எதையோ முணுமுணுத்துக்கொண்டு போய்விடுவான். நாங்கள் பாணும் சம்பலும் சாப்பிடுவோம்.

இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கொழும்பில் ஒரு லொட்ஜில், கனடா விசாவுக்காகக் காத்திருந்தார். லொட்ஜில் தங்கியிருக்கும் தமிழரைப் பொலிஸ் எந்த நேரமும் வந்து அள்ளிக்கொண்டு போகலாம் என்றிருந்த காலம் அது. போனவர்களில் சிலர் மறுநாள் திரும்புவார்கள். சிலர் எப்போது திரும்புவார்கள் என்று எவருக்கும் தெரியாது. அங்கே தட்டப்படக்கூடிய ஒரு கதவுக்குத்தான் மனிதர் இங்கே கதிரை வைத்துக்கொண்டிருந்தார்.

இனி அந்தத் தொலைக்காட்சித் தொடருக்கு வருகிறேன். மலை உச்சியில் ஒரு பங்களா. வெள்ளிக்கிழமைதோறும் அங்கே ஒரு மணி தானாக அடிக்கும். விடிந்தால் வீட்டில் ஒருவரைக் காணோம். கொழும்பில் இருப்பவர்கள் அதைச் சுடச்சுட டிஷ் வழியாகப் பார்த்தார்கள். எங்களுக்கு அது கசெட்டாகி, டொரொன்டோ வந்து, பஸ் ஏறி மொன்றியலுக்கு வரப் பல கிழமைகள் ஆகும். கொப்பிக்குக் கொப்பி எடுத்த கசெட் என்பதால் படம் முழுக்கப் பனி பெய்துகொண்டிருக்கும். பேய் வந்து நிற்கிறதா, கசெட் தேய்ந்திருக்கிறதா என்று பிரித்தறிய முடியாது. அதனால் எல்லா இடத்திலும் பயந்து வைத்தோம்.

அப்போதுதான் இணையம் எங்கள் வீட்டுக்குள் வந்திருந்தது. மரியதாஸ் யாரிடமோ ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கியிருந்தான். ஒஸ்லோ, பாரிஸ், சிட்னி என்று எங்கெங்கோ சிதறிக் கிடந்த நம் ஆட்கள் ஓர் இணையக் குழுவில் கூடி, ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதி, மணியை அடிப்பது யார் என்று சண்டை பிடித்தார்கள். சொந்தப் பெயரை எவரும் போடவில்லை. குழுவுக்கு ஒரே ஒரு விதிதான்: முதலில் பார்ப்பவர்கள், கடைசி ஊருக்குக் கசெட் போய்ச் சேரும்வரை வாய் திறக்கக் கூடாது. அந்த விதியைக் காத்தவர் கொழும்பிலிருந்த 'கறுவா'. ஆணா பெண்ணா தெரியாது. எழுதும் கண்டிப்பைப் பார்த்தால் கையில் பிரம்பு இருப்பது மட்டும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை சாத்திரியார் வெளியே போய்விட்டு வந்து, பனிச்சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "தம்பி, அந்தக் குறூப்பிலை ஒண்டு எழுது," என்றார். எழுத உட்கார்ந்தேன். மோடம் கீச்சிடும் சத்தம் அவருக்கு ஆகாது. யாரையோ வதைக்கிறார்கள் போலிருக்கிறது என்று குளியலறைக்குள் போய் நின்றுகொண்டு, அங்கிருந்தே சொன்னார்.

"இனி வாற கதையிலை சமையல்காரனைக் காணாமல் போகும். போற அண்டைக்குப் பச்சைச் சாரம் கட்டியிருப்பான். கரை பிய்ஞ்ச சாரம். தைச்சுக் கட்டத் தெரியாதவன்."

சிரித்துக்கொண்டே எழுதினேன். கிழமைகள் கழித்துக் கசெட் வந்தது. சமையல்காரனைக் காணோம். பனிக்குள்ளே உற்றுப் பார்த்தோம். பச்சைச் சாரம். கரை பிய்ந்திருந்தது.

மரியதாஸ் சிலுவைக்குறி போட்டான்.

அடுத்து தோட்டக்காரி. அதற்கடுத்து கணக்கப்பிள்ளை. ஒவ்வொருவரும் எந்த உடுப்போடு காணாமல் போவார்கள், அந்த உடுப்பில் என்ன குறை என்பதுவரை முன்கூட்டியே சொல்லிவிடுவார். குழுவில் பலர் அவருக்குப் பதில் எழுதுவதையே நிறுத்தினார்கள். ஒஸ்லோக்காரர் ஒருவர், "நீங்கள் மனிதர்தானா, ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்," என்று எழுதினார். கறுவாவுக்கு உண்மை முன்பே தெரியுமே, அவராவது மறுப்பார் என்று எல்லோரும் பார்த்திருந்தார்கள். கறுவா வாயே திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் குழு நிசமாகவே நடுங்கியது. சாத்திரம், அதாவது குறி, சொல்லுகிறவர் என்று சாத்திரியார் என்ற பட்டமும் அப்போது விழுந்ததுதான்.

இதில் வேடிக்கை, கசெட் போட்டால் அதிகம் நடுங்குகிறவர் அவர்தான். கம்பளித் தொப்பியைக் கண்வரை இழுத்து விட்டுக்கொண்டு, "இப்ப என்ன நடக்குது, இப்ப என்ன நடக்குது," என்று கேட்டபடி இருப்பார்.

"உங்களுக்குத்தானே எல்லாம் தெரியும், பேந்தேன் பயம்?" என்றான் மரியதாஸ்.

"தெரிஞ்சபடியால்தான் பயம்."

செய்தி ஊருக்குள் பரவியது. தொடரில் யார் போவார் என்று சொல்லுகிறவருக்கு, நாட்டில் யார் இருப்பார் என்று சொல்லத் தெரியாதா? அகதிக் கேஸ் முடியாத சனம் லவாலிலிருந்தும் ரொக்ஸ்பரோவிலிருந்தும் புறப்பட்டு வந்தது. ஒருவர் வெற்றிலை பாக்கோடு தட்டத்தில் பழமும் வைத்துக் கொண்டுவந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றார்.

"ஐயா, எனக்கு வாற மாசம் விசாரணை. ஓமெண்டுவினமோ?"

"எனக்கு என்னண்டு தெரியும்? நான் பிளேன் கூட்டுறவன்."

"ஒரு வார்த்தை சொல்லுங்கோ ஐயா. பிள்ளையள் அங்கை."

சாத்திரியாரிடம் இருந்தது தொடரில் வரும் டொக்டரைப் பற்றிய ஒரே ஒரு துண்டுச் செய்திதான். அதைச் சொன்னார். "டொக்டர் இன்னும் சாகேல்லை. அவ்வளவுதான் தெரியும்."

வந்தவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். அவருடைய கேஸ் வென்றது. அதன் பிறகு எங்கள் பேஸ்மென்டில் வாழைப்பழத்துக்குத் தட்டுப்பாடே இல்லை. சாத்திரமெல்லாம் பாவம் என்று சொல்லிக்கொண்டிருந்த மரியதாஸே, சாத்திரியார் பல் விளக்கும்போது பக்கத்தில் போய் நின்று, "அண்ணை, டொக்டர் எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்டதை நான் கண்டேன்.

அவருக்குச் சாத்திரம் எங்கிருந்து வருகிறது என்பதை நான் பார்க் மெட்ரோ நிலையத்தில் கண்டுபிடித்தேன். ஒரு சனிக்கிழமை காலை. பொதுத் தொலைபேசியில் சாத்திரியார். கையில் டெப்பனர் என்னும் மூலைக்கடையில் வாங்கிய டெலிபோன் கார்ட்.

"ஆர் செத்தது? ... அவனோ? ... என்ன உடுப்பு? ... டொக்டர் என்ன மாதிரி? ... அதே நீலச் சேட்டோ? இன்னும் தோய்க்கேல்லையோ?"

பின்னால் முறைக்காகக் காத்திருந்த ஒரு பிரெஞ்சுக் கிழவி, விஷயம் விளங்காமலே இரண்டடி பின்வாங்கினாள். சாத்திரியாரின் முகத்தில் நான் அதுவரை காணாத ஒன்று இருந்தது. அந்தச் சில நிமிடங்களுக்கு அவர் எதற்கும் பயப்படவில்லை.

கார்ட் முடிந்து திரும்பியவர் என்னைக் கண்டு திடுக்கிட்டார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "லொட்ஜிலை போன் மனேச்சற்றை மேசையிலை. சுத்திவர ஆக்கள். எங்கடை அலுவல் ஒண்டும் கதைக்கேலாது, விசாவெண்டு வாயே திறக்கேலாது. அவ அந்த நாடகத்தைச் சொல்லுவா. நான் கேட்பன். ஆர் ஒட்டுக் கேட்டாலும் நாடகந்தானே."

"பேந்தேன் அதைக் குழுவிலை எழுதுறியள்?"

"அவ சொன்னதை வேறை ஆருக்கும் சொல்லோணும் போலை இருக்கும், தம்பி."

உடுப்பைக் குறை சொல்வது அந்த அம்மாவின் பழக்கம். ஊரில் தையற்காரி. டொக்டர் பாத்திரம் தொடக்கத்திலிருந்து ஒரே நீலச் சேட்டில் வருவது அவருக்குப் பெரிய அவமானமாக இருந்ததாம். இரகசியத்தை நான் மரியதாஸுக்கும் சொல்லவில்லை.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. முந்தின கிழமை அவர் கேட்டுவந்த கதையில், டொக்டர் டோர்ச் லைட்டோடு கிணற்றடிக்குப் போகிறார், மணி அடிக்கிறது, தொடரும். மிச்சத்தைக் கேட்கப் போனவர் சீக்கிரமே திரும்பிவிட்டார். சப்பாத்தைக் கழற்றவில்லை. எழுதச் சொல்லவும் இல்லை.

"அப்பிடி ஒராளும் இஞ்சை இல்லையெண்டு மனேச்சர் சொல்லுறான். சொல்லிப்போட்டு வைச்சிட்டான்."

பின்னேரம் தமிழ் வானொலியில் செய்தி வந்தது. கொழும்பில் லொட்ஜுகள் சுற்றிவளைக்கப்பட்டிருந்தன.

உயிர் போகிற அலுவல் என்றால் மட்டும் எடு என்று சொல்லி, எங்கள் வீட்டு நம்பரை மனைவிக்குக் கொடுத்திருந்தார். தொலைபேசியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். கதவுக்கு முண்டு கொடுக்கும் அதே கதிரை. அன்றைக்கு யார் வந்து கதவைத் தட்டினாலும் அவருக்குக் கேட்டிருக்காது. மரியதாஸுக்கு நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் போய் வாழைப்பழங்களைக் கண்ணில் படாத இடத்தில் வைத்தான்.

மறுநாள் ஞாயிறு. பனி கொட்டி ஜன்னலை மூடியிருந்தது; பஸ் ஓடவில்லை; கடை ஒன்றும் திறக்கவில்லை. குழுவில் கறுவா இருக்கிறாரே, கொழும்புதானே, கேட்டுப் பார்க்கலாமே என்றேன். வீட்டில் இருந்தது ஒரே லைன். இணையத்தில் ஏறினால் தொலைபேசி அடிக்காது.

"விடமாட்டன்," என்றார் சாத்திரியார்.

"அஞ்சு நிமிஷம் அண்ணை."

"அந்த அஞ்சு நிமிஷத்திலை அவ எடுத்தா? காசு குடுத்து, ஆரையோ கெஞ்சி, ஒருக்கா எடுத்து, இஞ்சை எங்கேஜ் எண்டு வந்தா?"

"எடுக்கேலாத இடத்திலை இருந்தா?" என்றான் மரியதாஸ்.

அதைக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் யாராவது ஒருவர் கேட்டுத்தான் ஆகவேண்டியிருந்தது. பிறகு சாத்திரியாரே எழுந்து, சுவரிலிருந்து தொலைபேசி வயரைக் கழற்றி, மோடத்தில் செருகினார். முதல் தடவை செருகுப்படவில்லை. மோடம் கீச்சிட்டது. அவர் குளியலறைக்குள் போகவில்லை. அதன் முன்னாலேயே நின்றார்.

கறுவாவுக்குத் தனி மெயிலில் லொட்ஜ் இருந்த தெருவையும் மனைவியின் பெயரையும் எழுதினேன். முகம் தெரியாத ஒருவரிடம் அதைக் கொடுப்பது அந்நாளில் சின்ன விஷயமில்லை. அவர் யார் ஆள் என்று யாருக்குத் தெரியும்? சாத்திரியார், "அனுப்பு," என்று மட்டும் சொன்னார். அனுப்பியதும் வயரைப் பிடுங்கித் தொலைபேசியில் போட்டார். பதில் வந்திருக்கிறதா என்று பார்க்க மறுபடி வயரை மாற்ற வேண்டும். ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் திரையையே பார்த்தேன்.

தொலைபேசி அடிக்கவில்லை. அந்தக் கிழமை முழுவதும் மூவரும் வேலைக்கு முறை வைத்துப் போனோம். ஒருவர் எப்போதும் தொலைபேசிக்குப் பக்கத்தில். குழுவில் ஆட்கள் கேலி தொடங்கியிருந்தார்கள்: சாத்திரியாருக்குச் சரக்கு முடிந்துவிட்டதாம்.

மறுபடியும் சனிக்கிழமை காலை. மெயில் வந்திருந்தது. உரக்க வாசித்தேன்.

"குழுவின் விதியை இன்றைக்கு நானே மீறுகிறேன். டொக்டர் சாகவில்லை. கிணற்றடியில் விழுந்தது வேறு ஆள். அதே நீலச் சேட்டுத்தான். இப்போது கொலரும் கறுத்துவிட்டதாம், தன் கையில் கிடைத்தால் முதலில் அதை ஊறப்போடுவாவாம். இதை அப்படியே எழுதச் சொல்லி எனக்குப் பக்கத்தில் இருந்து ஓராள் சொல்லுகிறா. நான் பதிவு செய்து வைத்திருந்ததை இப்போதுதான் பார்த்து முடித்தா. தேத்தண்ணி குடிக்கிறா. மெலிந்திருக்கிறா. மற்றப்படி சுகம்."

சாத்திரியார் அழவில்லை. "அந்தச் சேட்டுக் கதையைத் திருப்பி வாசி," என்றார். வாசித்தேன். "இன்னொருக்கா." வாசித்தேன். பிறகு கதிரையில் இருந்தபடியே நித்திரையாகிப் போனார்.

கறுவா ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர் என்பதும், பொலிஸ் நிலையத்தில் போய் நின்று, முன்பின் கண்டிராத ஒரு பெண்ணைத் தன் மருமகள் என்று சொல்லிக் கையெழுத்து வைத்துக் கூட்டிவந்தார் என்பதும் பின்னர்தான் தெரிந்தது. அன்று பின்னேரம் சாத்திரியார் எழும்பி, "குறூப்பிலை எழுது, டொக்டர் சாகமாட்டார்," என்றார். ஒஸ்லோக்காரர் குழுவை விட்டே போய்விட்டார்.

போன மாதம் ரொக்ஸ்பரோவில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தத் தொடரை இப்போது யாரோ இணையத்தில் முழுவதுமாக ஏற்றியிருக்கிறார்கள், பனி இல்லாமல். பிறகு விசா கிடைத்து வந்துவிட்ட அந்த அம்மா முன்னறையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சாத்திரியார் குசினியில், அடுப்பைப் பார்த்தபடி, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"இஞ்சரப்பா, இப்ப என்ன நடக்குது?"

"கிணத்தடிக்குப் போறார்."

"சேட்டு?"

"அதே ஊத்தைச் சேட்டுத்தான். வேறையென்ன."

"எத்தினை தரம் கேட்ட கதை. உள்ளை போய்ப் பாக்கலாமே அண்ணை," என்றேன்.

"பயம், தம்பி," என்றார் சாத்திரியார்.

நான் வந்தபோது வாசற்கதவு பூட்டியிருக்கவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. என் தேத்தண்ணியையும் எடுத்துக்கொண்டு, நானும் குசினியிலேயே இருந்து கேட்டேன்.