பாட்டிலில் வந்த சிதம்பரம்

பௌர்ணமிக்கு முந்தின நாள் எங்கள் ஊருக்கு ஆகாயம் வந்து இறங்கியது. செங்கம் சாலையில், வெள்ளைக்காரர்கள் காபி குடிக்கிற கடைக்குப் பக்கத்து வாடகை வீட்டில். வாசலில் பேனர்: 'காது, மூட்டு, கல்யாணத் தடை அனைத்துக்கும் ஆகாய வைத்தியம். ஸ்ரீ வியோமானந்தர்.' வரிசை சாலைவரை நீண்டது. கிரிவலம் வந்தவர்கள்கூட, மலை எங்கே போய்விடப் போகிறது என்று இங்கே நின்றுவிட்டார்கள்.

தத்துவம் எளிமையானது. திருவண்ணாமலை நெருப்புத் தலம். ஆகாயத் தலம் சிதம்பரம். ஆகவே நம் ஊர்க்காரர்கள் உடம்பில் நெருப்பு ஜாஸ்தி, ஆகாயம் கம்மி. சாமியார் வாராவாரம் சிதம்பரம் போய் ஆகாயத்தைப் பாட்டிலில் பிடித்து, நீல நூல் கட்டிக் கொண்டுவருகிறார். மூடியைத் திறந்து காதில் வைத்தால் 'ஓம்' என்று கேட்கும்.

சத்தியமாகக் கேட்டது. எனக்குப் புல்லரித்தது. டீ ஆறிப்போனாலும் எனக்குப் புல்லரிக்கும் என்பது வேறு விஷயம்.

சாமியார் என் நாடியைப் பிடித்தார். "உனக்கு மட்டும் தலையில ஆகாயம் ஜாஸ்தியா இருக்குதுப்பா" என்றார். என் மனைவி ரேணுகாம்பாள் கல்யாணமான நாள்முதல் இலவசமாகச் சொல்லிவரும் நோய் இது.

முன்பு இவர் வேங்கிக்கால் பக்கம் காலி மனை விற்றவராம். இப்போது மண்ணை நீக்கிவிட்டு மிச்சத்தை விற்கிறார். தொழில் வளர்ச்சி என்றால் இதுவல்லவா!

பழைய வைத்திய நூல்களும் ஆகாயத்தை ஐம்பூதங்களில் ஒன்றாகச் சொல்கின்றன. காதையும் ஓசையையும் அதோடு சேர்க்கின்றன. மூடி போட்டு விற்கச் சொன்னதாக நான் எங்கும் படிக்கவில்லை.

நான் சிரித்தது இதுவரைதான். ரேணுகாவின் வலது காதில் சீழ். செவிப்பறையில் ஓட்டை. "தள்ளிப்போட்டா இருக்கிற காதும் போயிடும்மா" என்று டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார். இவள் சாமியாரிடம் அனுமதி கேட்டாள்.

"கத்தி பட்டா உள்ள இருக்கிற ஆகாயம் வெளிய போயிடும் தாயே. ஒரு மண்டலம் பாட்டில் வைங்க."

வீட்டுக்குப் பாட்டில் வந்தது. ஆபரேஷன் தேதி போயே போய்விட்டது.

"ஏதாவது கேக்குதா?" என்று கேட்டால், "என்னா?" என்பாள்.

விஷயம் தெரிந்து எங்கள் மகள் கீர்த்தனா வேலூரிலிருந்து வந்தாள். சண்டை போடுவாள் என்று பயந்தேன். போடவில்லை. என்னைக் காலையிலேயே அனுப்பி, சாமியாரிடம் புதுப் பாட்டில் ஒன்று வாங்கிவரச் சொன்னாள். அம்மாவுக்குத் தெரியாமல் அதன் நூலை அவிழ்த்துவிட்டு, அம்மாவின் பழைய பாட்டிலில் இருந்த அழுக்கு நூலைக் கட்டினாள். பிறகு நான் வழித்து முடித்திருந்த எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, அதில் புது நூலைக் கட்டினாள். இரண்டும் ஒரே அச்சுப் பாட்டில்.

"வாயத் தொறந்தீன்னா பாரு" என்றாள் என்னிடம். நான் வாயை மூடியிருப்பதெல்லாம் இமயமலைக்காரர்களே செய்யாத தவம்.

மூவரும் போனோம். கீர்த்தனா இரண்டு பாட்டிலையும் சாமியார் முன்னால் வைத்தாள். "எங்கம்மாவுக்கு வாங்கினது சாமி. எதுல ஆகாயம் தீந்துபோச்சுன்னு நீங்களே பாத்துச் சொல்லணும்."

அழுக்கு நூல் பாட்டிலை எடுத்துக் காதில் வைத்தார். முகம் துக்க வீடானது. "இதுல ஒண்ணுமே இல்ல கண்ணு. வேற வாங்கிடுங்க."

புது நூல் பாட்டிலை வைத்தார். கண் சொருகியது. "ஆஹா! சிதம்பரமே உள்ள உக்காந்துனு இருக்குது!"

"உள்ள உக்காந்துனு இருந்தது ஊறுகா, சாமி" என்றாள் கீர்த்தனா. "எங்கப்பா துன்னு தீத்தாரு. நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்னதுதான் இன்னைக்குக் காலையில இங்க வாங்கினது. நூலை மட்டும் மாத்திக் கட்டினேன்."

பின்னால் நின்ற, அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து வந்த எங்களுக்குத் தெரிந்த பரசுராமன், கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை அவசரமாகக் காலி செய்து காதில் வைத்தான். "அட! இதுவும் ஓம்னுதுப்பா!"

அவ்வளவுதான். வரிசை முழுக்கக் காதும் பாட்டிலுமாக நின்றது. ஒரு அம்மாள் சாப்பாட்டுத் தூக்கைக் கவிழ்த்து வைத்துப் பார்த்து, "இதுல இன்னும் ஜாஸ்தியா கேக்குதே!" என்றார். வெளிச் சத்தம் காலிப் பாத்திரத்துக்குள் புகுந்து முழங்குகிறது, மந்திரம் இத்தனைதான்.

மனை விற்ற மனிதர் சுலபத்தில் விடுவாரா? "பைத்தியங்களா! ஆகாயம் எங்கியும் இருக்குது. ஊறுகா பாட்டில்லயும் இருக்கும்!"

ரேணுகா நல்ல காதை அவர் பக்கம் திருப்பினாள். "இன்னொரு வாட்டி சொல்லுங்க சாமி."

"எங்கியும் இருக்குது தாயே!" என்று கத்தினார், பாவம்.

"அப்ப அத எதுக்கு பஸ் வெச்சித் தூக்கினு வந்தீங்க?" வலது காதைத் தொட்டுக் காட்டினாள். "இந்தக் காதுல வெச்சப்பல்லாம் எனக்கு ஒண்ணுமே கேக்கல. எல்லாருக்கும் கேக்குது, எனக்குத்தான் பக்தி கம்மின்னு தினம் அழுதேன்."

அவள் அழுதது எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இரண்டு நல்ல காதுகளோடு நானும்தான் இருந்தேன்.

சாமியார் பின்வாசல் வழியாக ஐந்தாவது பூதத்தில் கலந்துவிட்டார். டாக்டரிடம் திட்டு வாங்கி, புதுத் தேதியும் வாங்கினோம். ஆபரேஷன் முடிந்து காதில் கட்டோடு ரேணுகா வீட்டுக்கு வந்த அன்று பரசுராமன் பார்க்க வந்தான்.

"அண்ணி, சேதி தெரியுமா? தேரடிப் பக்கம் வாயு வைத்தியர் ஒருத்தரு வந்துகிறாரு. காளஹஸ்திக் காத்து. பலூன்ல குடுக்கிறாராம். செம கூட்டம்!"

ரேணுகா கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "போ தம்பி, வேணாங்கல. வாங்கறதுக்கு முன்னாடி நீயும் ஒரு பலூன ஊதி, அவரு பலூன் பக்கத்துல வெச்சுப் பாரு. எது எதுன்னு கண்டுபுடிக்க முடியலன்னா, ஊதறத நிறுத்திட்டு கொஞ்சம் யோசி."