குடல் பட்டாளமும் காலைச் சட்டினியும்

அரைகுறையாகப் படித்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தாலே பாதி ஆபத்து குறையும். இருபத்து மூன்று வயதில் எனக்கு இது தெரியாது. (இப்போதும் தெரியாது என்பது என் மனைவியின் கட்சி.)

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயாவின் சுதந்திர நாளுக்கு, சில மாதங்களே இருந்தன. மலாக்காவில் ஓர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவுவது என் வேலை. பேச்சு மட்டும் பெரிய டாக்டர் பேச்சு. காஜா பெராங்கில் பெண் பார்க்கப் போனோம். வாசலிலேயே மாமா என் காதைக் கடித்தார்.

"தேத்தண்ணியோட நிறுத்திக்க. பேசி முடிக்காம கை நனைச்சிட்டா சம்மதம்னு ஆயிடும்."

உட்கார்ந்ததும் பெண்ணின் அப்பா கேட்டார்: "கிருமியோடயே பழகுறீங்களே, பயமில்லையா தம்பி?"

விடுவேனா? நம் உடம்பே ஒரு புரதத்தைச் சுரக்கிறது, கண்ணீரில், எச்சிலில், குடலில் எல்லாம் இருக்கிறது, கிருமியின் மேல்சுவரையே உடைத்துவிடும் என்று அளந்தேன்.

"குடலுக்குள்ள பட்டாளமே நிக்குதுங்கய்யா! எதைச் சாப்பிட்டாலும் ஒண்ணும் ஆகாது."

அடுப்படிக் கதவோரம் நின்ற பெண் சட்டென்று சொன்னாள்: "காலைல அரைச்ச தேங்காய்ச் சட்டினி ஊசிப்போச்சுன்னு கொட்டப் போனேன். கொண்டு வரவா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் அந்தக் குறும்பில் அங்கேயே விழுந்துவிட்டேன். கட்டினால் இவளைத்தான்! இவள் முன்னால் பின்வாங்குவதா? நான்கு தோசை, சட்டினி மொத்தமும் காலி. மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ள கை நனைச்சிட்டாருலா!" என்று அவள் அப்பா துள்ளினார்.

ஒன்றரை மணி நேரத்தில், கல்யாணத் தேதி பேசிக்கொண்டிருந்தபோதே, பட்டாளம் கலைந்து ஓடியது. நானும் ஓடினேன், பின்கட்டுக் கக்கூசுக்கு, ஏழு தடவை. கடைசியில் வருங்கால மாமனாரின் சாரோங்கைக் கட்டிக்கொண்டு நின்றேன். (வேட்டியின் கதியைக் கேட்காதீர்கள்.) மானமே போயிற்று.

"தம்பிக்கு வயித்துல பழைய சீக்கு ஏதும் இருக்கா?" என்று அவர் மாமாவிடம் இழுத்தார். சரி, சம்பந்தம் கைவிட்டுப் போயிற்று என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"சீக்கெல்லாம் இல்லப்பா, நான்தான் கெட்டதைக் கொடுத்தேன்" என்றபடி அவள் உப்புக் கஞ்சியை என்னிடம் நீட்டினாள். "நான் கொடுத்தா எதையும் சாப்பிடுறார். இவரே போதும்."

எங்கள் இளைய மகள் இப்போது பல்கலைக்கழகத்தில் இதையே பாடம் நடத்துகிறாள். குடல் சுவரில் அப்படி எத்தனையோ புரதங்கள் காவல் நிற்கின்றனவாம், கிருமியின் மேலுறையில் ஓட்டை போட்டே கொல்லுமாம். ஆனால் கிருமி முன்கூட்டியே சட்டினியில் கக்கிவைத்த நஞ்சை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாதாம்.

"அப்பா சொன்னது பாதி சரிம்மா" என்றாள்.

"பாதிக்கே ஏழு தடவை" என்றாள் என் மனைவி.

இன்றும் எங்கள் வீட்டில் எதிலாவது லேசாக வாடை அடித்தால், "கொட்டாதே, பட்டாளத்தைக் கூப்பிடு!" என்று குரல் வரும். நானும் எழுந்து போவேன். ஆனால் அவள் மோந்து பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் வாயைத் திறப்பேன்.