அரிக்காத கை

மெத்தைக் கடை மேலாளர் பஞ்சின் பெருமையை விளக்கிக்கொண்டே, விரலிடுக்கை மேசை விளிம்பில் ரகசியமாகத் தேய்த்தார்.

"மெத்தையில மூட்டைப்பூச்சி இருக்கா?" என்றார் வாங்க வந்தவர்.

"சேச்சே! இது கொசுக்கடி சார்."

வந்தவர் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்.

அடுத்த மாதம் முதலாளி வருகிறார். புதிதாகத் திறக்கப்போகும் பெரிய கடையை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்ய. மேலாளரிடம் சொல்லிக்கொள்ள இருந்த ஒரே தகுதி சுத்தம். தினமும் காலையில் பணியாளர்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு கையாகப் பிடித்து, திருப்பி, நகம் பார்ப்பார். அவர்கள் அவருக்கு 'சோப்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள். பாதி அவர் வாசனைக்காக. மீதி, முதலாளியிடம் அவர் பேசும் விதத்துக்காக.

"டாக்டர்கிட்ட காட்டுங்களேன்," என்றாள் மனைவி.

"சொறி பிடிச்சவன்னு வரிசையில போய் உக்காரச் சொல்றியா? மானம் போயிடும்."

மருந்துக் கடையில் "ஒரு நண்பருக்கு அரிப்பு" என்று சொல்லி ஒரு களிம்பு வாங்கிப் பூசினார். இரண்டே நாளில் அரிப்பு நின்றது. தினமும் பூசினார்.

"பாத்தியா? இதுக்குப் பேருதான் எதிர்ப்பு சக்தி."

"எனக்கும் இப்ப அரிக்குதுங்க."

"உனக்கு எதிர்ப்பு சக்தி கம்மி. ஒழுங்கா தேய்ச்சுக் குளி."

சில வாரங்களில் கடையே சொறிந்தது. பில் போடும் பெண் பேனாவால் முழங்கையைச் சொறிந்தாள். சுமை தூக்குபவர் முதுகைத் தூணில் உரசினார்.

மேலாளர் கொதித்தார். கைப் பரிசோதனையைக் காலை, மாலை இருவேளையாக்கினார். விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, நிதானமாகப் பார்த்தார்.

மறுநாள் பில் போடும் பெண் கையுறையோடு வந்தாள்.

"எதம்மா மறைக்கறே? கழட்டு."

"மத்தவங்களுக்கு ஒட்டக் கூடாதுன்னுதான் சார்..."

"உன் அழுக்கு எனக்கா ஒட்டும்? கையக் குடு."

சுமை தூக்குபவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "டாக்டர் மருந்து எழுதிக் குடுத்தாரு சார். கழுத்துலேருந்து கால் வரைக்கும், எல்லாரும் ஒரே நாள்ல பூசணுமாம். நீங்களும்தான்."

"நானா? அரிக்கிறவன் பூசுய்யா. எனக்கென்ன தலையெழுத்து?"

அவர்கள் பூசினார்கள். மேலாளர் பரிசோதனையை நிறுத்தவில்லை. கொஞ்ச நாளில் மறுபடி அரித்தது.

"இதான் உங்க டாக்டரோட லட்சணம்!" என்று சிரித்தார்.

முதலாளி வந்த அன்று கடையே தாளம் தப்பிய நாட்டியம் போல இருந்தது. ஒருவர் குனிந்தார், ஒருவர் நெளிந்தார். நடுவில் மேலாளர் மட்டும் பொம்மை போல அசையாமல் நின்றார்.

"இது என்னய்யா கூத்து?" என்றார் முதலாளி.

"வளர்ப்பு சரியில்ல முதலாளி. இத உள்ள கொண்டுவந்தது யாருன்னு தெரிஞ்சா, அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடணும்."

"சரியாச் சொன்னீங்க. புதுக் கடை உங்களுக்குத்தான்!" முதலாளி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். விடவேயில்லை. "என் தங்கச்சி தோல் டாக்டர்தான். வண்டியில இருக்கா. அந்த ஆள் யாருன்னு இன்னைக்கே பாத்துடுவோம்."

தங்கை வந்தார். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு கையாகப் பார்த்தார். கடைசியாக மேலாளரிடம் நின்றார்.

"உங்களுக்கு?"

"அரிப்பே கிடையாதும்மா. முன்ன லேசா இருந்துச்சு. இதப் பூசினேன், போயே போச்சு." சட்டைப் பையிலிருந்து களிம்பை எடுத்துப் பெருமையாக நீட்டினார். "இவங்களுக்கும் வாங்கிக் குடுக்கலாம்னு பாக்கறேன்."

தங்கை களிம்பின் பெயரைப் படித்தார். மேலாளரின் விரலிடுக்கைக் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு முதலாளியின் கையை மேலாளரின் கையிலிருந்து மெல்ல உருவி எடுத்தார்.

"அண்ணே, இது சொறிப் பூச்சியக் கொல்ற மருந்து இல்ல, தோலோட எதிர்ப்பத் தூங்க வைக்கிற மருந்து, இவருக்கு அரிப்புதான் நின்னுது, பூச்சி பெருகிக்கிட்டே இருந்திருக்கு, அதத்தான் தினம் ரெண்டு வேளையும் கையப் பிடிச்சுப் பிடிச்சு எல்லாருக்கும் பங்கு போட்டுக் குடுத்திருக்காரு."