கனவில் குடித்தவர்

டிரைவர் மறுபடி ஊதினார். உள்ளங்கை அளவு மது சோதனைக் கருவி மெல்ல முனகி, பெரிய எழுத்தில் நாற்பத்திரண்டு என்றது.

“முதல்ல நாப்பத்தொண்ணுதானே காட்டிச்சு?” என்றாள் மனைவி.

“அதான் சந்தேகப்பட்டு இன்னொரு தடவை ஊதினேன். ஏறிடுச்சு!”

பதினெட்டு வருஷமாகப் பஸ் ஓட்டுகிறவர். மதுவை மோந்துகூடப் பார்த்ததில்லை. இன்றிலிருந்து டிப்போவில் ஊதிக் காட்டிவிட்டுத்தான் ஸ்டியரிங்கைத் தொட வேண்டும். பூஜ்யத்துக்கு மேல் போனால் வேலை போச்சு. வீட்டிலேயே பழகட்டும் என்று கருவியைப் பரிசளித்தவர் மாமனார். “கடையிலேர்ந்து நேரா வர்றேன், கைகூடப் படல” என்று தாமே பெட்டியைப் பிரித்தும் கொடுத்தார்.

“உங்களுக்குமா மாப்பிள்ளே!” என்றார் இப்போது.

“ஓரத்துல பொடியா பூஜ்யம் பூஜ்யமா இருக்கே மாமா, அது என்ன?”

“கடிகாரம். இன்னும் நேரம் வைக்கல.”

ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. தெருவைக் காணோம், விளக்குக் கம்பங்களின் தலைகள் மட்டும் மிதந்துகொண்டிருந்தன. டிரைவருக்கு ஏதோ ஞாபகம் வந்தது.

“ராத்திரி ஒரு கனவு. ஏரி மேல பஸ் ஓட்டிட்டுப் போறேன். தண்ணி துளிகூடத் தெறிக்கல. பின்சீட்டுலேர்ந்து ஒருத்தர் வந்து கிளாஸை நீட்டினார். நீலமா இருந்துச்சு.”

“குடிச்சீங்களா?”

“மரியாதைக்கு ஒரு வாய்.”

“கனவுலகூட உங்களுக்கு வேண்டாம்னு சொல்ல வராதே!” அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பல் தேய்த்துவிட்டு ஊதினார்: நாற்பத்து மூன்று. நாலு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு ஊதினார்: நாற்பத்து நான்கு. மனைவி ஊதுகுழலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, புது பேட்டரியும் போட்டாள். அப்போதும் ஊதினார்: நாற்பத்தைந்து. ஆத்திரத்தில் விடாமல் மூன்று முறை ஊதினார். நாற்பத்தெட்டு.

“நீங்க ஒரு தடவை ஊதிப் பாருங்கப்பா.”

“நான் எதுக்கு? தண்ணியைக்கூட அளந்து குடிக்கிறவன்!” மாமனார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அப்ப நீங்க கொஞ்சம் தூங்கி எழுந்திருங்க, தெளிஞ்சிடும்” என்று கணவனைப் படுக்க வைத்தாள் மனைவி.

கண்ணை மூடியதும் அதே ஏரி, அதே பஸ். கிளாஸோடு வந்தவரின் கையைத் தட்டிவிட்டு எழுந்து வந்து ஊதினார். நாற்பத்தொன்பது.

“தட்டிவிட்டேனே!” என்றார் அழாக்குறையாக.

ஊதி ஊதித் தலை லேசாகிவிட்டது. தரை பஞ்சாக அமுங்கியது, சுவர்கள் மெதுவாக மூச்சு விட்டன. அவருக்குப் பயமாக இருந்தது. கொஞ்சம் சுகமாகவும் இருந்தது, அதை நினைக்க இன்னும் பயமாக இருந்தது. போதை என்றால் இதுதான் போலிருக்கிறது. ஐம்பது உயிர்களை ஏற்றிக்கொண்டு இப்படியா ஓட்டுவது?

“மறைக்கக் கூடாது. டிப்போவுல போய் உண்மையைச் சொல்லிடறேன்” என்று கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அதை எதுக்கு அங்க கொண்டு போறீங்க? இங்கேயே வைங்க” என்று பதறினார் மாமனார்.

“விழுந்து வைப்பாரு. அந்தப் பக்கம் பிடிங்கப்பா” என்றாள் மனைவி. மூவரும் மூடுபனிக்குள் மிதந்தபடி டிப்போ போய்ச் சேர்ந்தார்கள்.

“சார், நான் கனவுல குடிச்சிட்டேன். எனக்கு இன்னிக்கு பஸ் குடுக்காதீங்க” என்றார் டிரைவர்.

சோதனை மேஜையில் இருந்த கிளார்க் டிப்போ கருவியை நீட்டினார். ஊதினார். பூஜ்யம்.

“அப்ப இது?” வீட்டுக் கருவியை எடுத்து மேஜையில் வைத்தார்.

கிளார்க் அதைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். “பெரிசா இருக்கறது, இதுல மொத்தம் எத்தனை தடவை ஊதியிருக்குங்கற கணக்கு. ஓரத்துல பொடியா இருக்கே, அதுதான் அளவு. ஊதி ஊதித்தான் உங்களுக்குத் தலை சுத்துது. கொஞ்ச நேரம் உக்காருங்க, சரியாயிடும்.”

மனைவிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. டிரைவர் பெஞ்சில் சாய்ந்தார்; இனி அந்த ஏரியில் நிம்மதியாகவே ஓட்டலாம். மாமனார் மட்டும் பஸ் பார்க்கிற சாக்கில் வாசல் பக்கம் நகர்ந்தார்.

கிளார்க் பொத்தானை அமுக்கிப் பழைய பதிவுகளைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனார்.

“உங்க ஒன்பதும் சுத்தமான பூஜ்யம், டிரைவர். அதுக்கு முன்னாடி யாரோ நாப்பது தடவை ஊதியிருக்காங்களே, அதுல ஒண்ணுகூட பூஜ்யம் இல்லியே, அது யாரு?”