ஏற்கெனவே படிக்கிற பிள்ளை

“தாங்கள் அனுப்பிய நற்சான்றுக் கடிதத்தின்படி, தாங்கள் இரண்டு வருடங்களாக எங்கள் மாணவி. எங்கள் பதிவேட்டிலோ அப்படி ஒருவர் இல்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் சரியான கடிதம் வராவிட்டால், தங்களுக்கு ஒதுக்கிய இடம் வேறொருவருக்குப் போகும்.”

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அந்த மின்னஞ்சலை மிதுஷா மூன்றாவது தடவை வாசித்தாள். எழுத்து மாறவில்லை. கோபம்தான் தடவைக்கு ஒரு படி ஏறியது.

“அப்பா!”

குசினியில் இடியப்பத்துக்குச் சொதி ஊற்றிக்கொண்டிருந்த இராஜேந்திரன் திடுக்கிட்டு, பாதியை மேசைக்கு ஊற்றினார்.

“ஏன் பிள்ளை விடியக் காலமை கத்துறாய்?”

“நான் படிப்பிக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடம் கவரிலை ஒட்டித் தந்த கடிதத்திலை நான் பெரிய யூனிவர்சிட்டியிலை படிக்கிறன் எண்டு கிடக்கு. ஆர் சொன்னது?”

“நான் ஒண்டும் எழுதேல்லையே.”

“எழுதேல்லை. சொன்னீங்களோ?”

இராஜேந்திரன் சொதியைப் பார்த்தார். சொதி காப்பாற்றவில்லை.

“அது சும்மா, ஒரு கதைக்கு...”

அந்த ஒரு கதைக்கு இரண்டு வயது. மிதுஷாவுக்கு அந்த வருடம் பரீட்சையில் புள்ளிகள் சறுக்கி, பெரிய பல்கலைக்கழகம் கதவைச் சாத்தியது. அவள் அழுது முடித்து, முகம் கழுவி, பக்கத்திலிருந்த கல்லூரியில் கட்டடப் பொறியியல் டிப்ளோமாவுக்குச் சேர்ந்தாள். அதே கிழமை ஒரு சாமத்திய வீட்டுப் பூப்பு விழாவில் யாரோ கேட்டார்கள், “மகள் எங்கை எடுபட்டவ?” கையில் வடையும் வாயில் வடையுமாக நின்ற இராஜேந்திரன், விழுங்குவதற்கு முன்னமே பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து மிதுஷா, தமிழ்ச் சனம் நடமாடும் கிரீன் ஸ்ட்ரீட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதெல்லாம் கழுத்திலிருந்த கல்லூரி அட்டையைக் கழற்றி ஒளித்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருந்தது. இராஜேந்திரனோ ஒரு படி மேலே போய், பல்கலைக்கழகத்தின் பெயர் நெஞ்சு நிறைய எழுதிய ஊதாக் கம்பளி ஜம்பர் ஒன்றை வாங்கி, தானே போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார். இப்போதும் அதைத்தான் போட்டிருந்தார்.

இதற்குள்தான் அந்த வேடிக்கை நடந்தது. கல்லூரியில் முதலாவதாக வந்த மிதுஷாவை, அதே பல்கலைக்கழகம் நேரே இரண்டாம் வருடத்துக்கு எடுப்பதாக எழுதியது. அவள் வீடு அதிரத் துள்ளினாள். இராஜேந்திரன் கதவையும் யன்னலையும் சாத்தினார்.

“ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. ஏற்கெனவே படிக்கிற பிள்ளைக்கு இப்ப இடம் கிடைச்சது எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

அன்று ஒரு கேக் கூட வெட்டவில்லை. இப்போது அந்த இடமே கையை விட்டுப் போகப்போகிறது.

“இண்டைக்குச் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் ஒரு மணிக்குப் பூட்டிப்போடுவினம். அதிபருக்கு அடிச்சு உண்மையைச் சொல்லுங்கோ.”

“சொல்லுறன், சொல்லுறன். உண்மையைச் சொல்லவும் ஒரு முறை இருக்கு.”

இராஜேந்திரன் தொண்டையைச் செருமினார். தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டார்.

“வணக்கம் வைத்தியநாதன் சேர். மகளின்ரை கடிதத்திலை ஒரு சின்னத் திருத்தம். யூனிவர்சிட்டிப் பேரை எடுத்துவிட ஏலுமே?”

“ஏன், அங்கை படிக்கிறா எண்டுதானே நீர் சொன்னனீர்?”

“ஓம் சேர். இப்ப அங்கை... இல்லை.”

மறுமுனையில் அதிபரின் குரல் தணிந்தது. “கலைச்சுப்போட்டாங்களோ?”

“சீச்சீ! கலைக்கேல்லை. அவவாத்தான்...”

“இராஜேந்திரன், குறை நினையாதையும். எங்கடை பிள்ளையளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறவ அவ. இப்பிடி ஒரு பிரச்சினை எண்டால் கடிதம் தரேலாது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு பேர் இருக்கு.”

தொடர்பு அறுந்தது. மிதுஷாவின் மூக்கு விடைத்தது.

“நல்ல வடிவா இருக்கு! போகாத யூனிவர்சிட்டியிலை இருந்து என்னைக் கலைச்சும் போட்டீங்கள்!”

“பொறு, பொறு. இதை நான் ஒரு நொடியிலை சரிப்பண்ணுறன்.”

அவள் பறிப்பதற்குள் இராஜேந்திரன் மறுபடி எடுத்துவிட்டார்.

“சேர், நீங்கள் பிழையா விளங்கிப்போட்டீங்கள். மகளுக்குச் சுகமில்லை. அதாலைதான் நிண்டவ.”

“ஐயோ! என்ன வருத்தம்?”

இராஜேந்திரனின் வாயில் முதலில் வந்த உறுப்பு சிறுநீரகம்.

“கிட்னி, சேர்.”

மிதுஷா ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவை அடிக்கக்கூடாது என்று அந்தக் கதிரையிடமே சொல்லிக்கொண்டாள்.

பத்தாவது நிமிடம் அம்மா எடுத்தாள். முதியோர் இல்லத்தில் காலை ஷிப்டில் நின்ற தவநாயகியின் குரலில் பாதி அழுகை, பாதி மிரட்டல்.

“என்னடி, உனக்குக் கிட்னி பழுதாம்? எட்மண்டனிலை இருந்து சின்ன மாமி எடுத்துக் குழறுறா. பெத்த தாய்க்கு ஏன் சொல்லேல்லை?”

“எனக்கே இப்பதான் அம்மா தெரியும்!”

பள்ளிக்கூட வட்ஸ்அப் குழுவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அதிபர் நல்ல மனிதர். மிதுஷா ஆசிரியை ஓய்வெடுக்க வேண்டியிருப்பதால் அவரை இன்றுமுதல் வகுப்பிலிருந்து விடுவித்திருந்தார். ஒருவர் இரத்த வகை என்ன என்று கேட்டிருந்தார். இன்னொருவர் வெள்ளிக்கிழமை அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்டிருந்தார். முப்பத்தாறு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

“பாத்தியே, எவ்வளவு சனம் உன்னிலை அன்பா இருக்கினம்!” என்றார் இராஜேந்திரன்.

“உங்கடை பார்சல் வானை எடுங்கோ.”

“என்ன?”

“வானை எடுங்கோ அப்பா. நேரை போறம்.”

பள்ளிக்கூடம் இருந்த ஃபாரஸ்ட் கேட் வரும் வரைக்கும் இராஜேந்திரன்தான் பேசினார். பார்சல் கொடுக்கும் வான் என்பதால், ஒவ்வொரு வளைவிலும் பின்னாலிருந்த பெட்டிகளும் சேர்ந்து பேசின.

“உனக்காகத்தானே சொன்னனான். நாலு பேருக்கு முன்னாலை உன்னை ஆரும் குறைவா நினைக்கக்கூடாது எண்டு.”

“என்னைக் குறைவா நினைச்சது நீங்கள் ஒராள்தான்.”

வான் ஒரு சிவப்பு விளக்கில் நின்றது. இராஜேந்திரனும் நின்றுபோனார். பச்சை விழுந்து, பின்னாலிருந்தவன் ஹோர்ன் அடித்த பிறகுதான் நகர்ந்தார்.

வாடகைக்கு எடுத்த ஆங்கிலப் பள்ளிக்கூடத்தின் வாசலில் இறங்கும்போது மெதுவாகச் சொன்னார்:

“கொஞ்சம் நொண்டி நட.”

“கிட்னிக்கு ஏன் நொண்டவேணும்?”

மிதுஷா விறுவிறென்று உள்ளே நடந்தாள். நடைபாதை நிறையப் பெற்றோர். தேநீர்க் கோப்பைகள் பாதி வழியில் நின்றன. அவளிடம் பின்னம் படிக்கும் வாண்டு ஒன்று ஓடி வந்தது.

“மிஸ், நீங்கள் ஆஸ்பத்திரியிலை எல்லோ?”

ஒரு பெண்மணி அவள் நெற்றியில் திருநீற்றை அப்பினாள். இன்னொருத்தி கன்னத்தைத் தடவி, “எப்பிடி உருகிப்போச்சுது பிள்ளை!” என்றாள். மிதுஷா போன சனியைவிட அரைக் கிலோ கூடியிருந்தாள்.

அலுவலகத்தில் அதிபர் வைத்தியநாதன் பதறி எழுந்து கதிரையை இழுத்துப் போட்டார். மூலை மேசையில் அலுவலகம் பார்க்கும் ராஜி அன்ரி வரவுப் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார். பின்னாலேயே வந்த பெற்றோர் கூட்டம் திறந்த கதவில் அடைத்துக்கொண்டது.

“இருங்கோ பிள்ளை, நிக்கக்கூடாது.”

“சேர், எனக்குக் கடிதம்தான் வேணும். சரியான கடிதம்.”

“கடிதத்துக்கு என்ன அவசரம்? முதலிலை உடம்பு. நான் இப்ப ஒரு வேலை செய்திருக்கிறன் பாருங்கோ.” அதிபர் பெருமையோடு மடிக்கணினியைத் திருப்பினார். “யூனிவர்சிட்டிக்கே எழுதிப்போட்டன். உமக்குக் கடும் வருத்தம், ஒரு வருஷத்துக்குப் படிக்கேலாது, இடத்தை இப்ப வேறை ஆருக்கும் குடுங்கோ எண்டு. அனுப்புறதுதான் பாக்கி.”

“மிச்சம் பெரிய உதவி சேர்,” என்றார் இராஜேந்திரன், பழக்கதோசத்தில்.

அதிபரின் விரல் இறங்கியது. மிதுஷா பாய்ந்து மடிக்கணினியை அறைந்து மூடினாள். விரல் மயிரிழையில் தப்பியது.

“எனக்கு ஒரு வருத்தமும் இல்லை! இரண்டு கிட்னியும் கல்லுமாதிரி இருக்கு!”

கதவில் நின்றவர்களுக்கும் கேட்கிற குரலில் அவள் தொடர்ந்தாள்:

“அந்த யூனிவர்சிட்டியிலை நான் ஒரு நாளும் படிக்கேல்லை. கலைக்கவும் இல்லை. நான் இங்கை பக்கத்துக் கொலிஜ். இரண்டு வருஷம்! இரவிலை கடையிலை தட்டு அடுக்கிப்போட்டு, பகலிலை கொங்கிரீட் கலந்து படிச்சு முதலாவதா வந்தனான். அதைப் பாத்துத்தான் இப்ப இடம் தந்திருக்கினம். களவெடுத்த ஆள் மாதிரி அட்டையைப் பொக்கற்றுக்குள்ளை ஒளிச்சுக்கொண்டு திரிஞ்சது காணும். அப்பா சொன்னது பொய். இந்த ஜம்பரும் பொய்! அந்தக் கொலிஜின்ரை பேரைப் போட்டு எனக்கு உண்மையா ஒரு கடிதம் தாங்கோ!”

இராஜேந்திரன் ஜக்கெற்றின் சிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்து, நெஞ்சிலிருந்த பெயரை மறைத்தார். இரண்டு வருடமாகப் பயந்த கணம் வந்தேவிட்டது. இனிச் சிரிப்பார்கள், இனி ஒரு சாமத்திய வீட்டுக்கும் தலைகாட்ட ஏலாது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

சிரிப்புச் சத்தம் வரவில்லை. அவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

கதவில் நின்ற ஒருவர் அணைந்து கிடந்த தொலைபேசியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருத்தி குனிந்து, பிள்ளையின் கட்டியிருந்த சப்பாத்து நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள். திருநீறு பூசியவள் சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு அறிவித்தலை அக்கறையாக வாசித்தாள். மிதுஷாவின் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

ராஜி அன்ரி எழுந்தார். மேசை லாச்சியின் அடியிலிருந்து, அதே பக்கத்துக் கல்லூரியின் பெயர் ஏற்கெனவே அச்சடித்து, மாணவர் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்த தாள் ஒன்றை உருவி அதிபருக்கு முன்னால் வைத்தார். அதிபர் ஒன்றும் கேட்காமல் பேனையைத் திறந்து, மிதுஷாவின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். ராஜி அன்ரி போய், கூட்டத்தின் மூக்குக்கு நேரே கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

“உண்மைக் கடிதம் வேணுமெண்டால் கதவைச் சாத்திப்போட்டெல்லோ பிள்ளை கேக்கிறது? வெளியிலை நிக்கிற அத்தனை பேரும் தங்கடை பிள்ளையளுக்கு அப்பிடித்தானே வந்து வாங்கிக்கொண்டு போனவை!”