எலும்பு வைத்த கிட்டார்

மூன்று நாளாக அரத்தால் தேய்த்து வைத்திருந்த எலும்பை அடுத்த வீட்டு நாய் கவ்விக்கொண்டு ஓடியபோது தவசிமுத்து துரத்தவில்லை. ராஜபாளையத்து நாய், துரத்திப் பயனில்லை.

"ஏலே, எலும்பு நாய்க்குத்தான? எதுக்கு மூஞ்சியத் தூக்குற?" என்றாள் அம்மா தங்கபாய்.

"அது கிட்டாருக்கும்மா."

"கிட்டாரு எலும்பு திங்குமா?"

கிட்டாரின் கம்பிகள் ஏறி உட்காரும் சின்னத் துண்டு பிளாஸ்டிக்கில் இருந்தது. அதை எலும்பில் செய்து போட்டால் நாதம் கணீரென்று வரும் என்று மதுரைக் கடைக்காரர் சொல்லியிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சில் தவசிமுத்து நான்கு வருடமாக வாசிக்கிறான். ஈஸ்டர் ஆராதனையை டேப்பில் பதிந்து கேட்டபோது எல்லாம் கேட்டது, யாரோ இருமியதுகூட. கிட்டார் மட்டும் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு, அவனுக்குப் பேசிவரும் பெண் கிருபாபாயின் வீட்டார் மாப்பிள்ளை பார்க்க அந்த சர்ச்சுக்கே வருகிறார்கள். அவன் மில் கிளார்க் என்பதில் அவர்களுக்கு மயக்கமில்லை. கிட்டார் வாசிப்பவன் என்பதில்தான்.

பாடகர் குழுத் தலைவர் பரிபூரணம் மட்டும் தடுத்தார். "கிட்டாருல கை வைக்காதிய தம்பி. இப்படியே அருமையா இருக்கு."

ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று தவசிமுத்துவுக்குத் தோன்றியது.

இரண்டாவது எலும்பு உயரம் அதிகம்; கம்பியை அழுத்தி விரல் கிழிந்தது. தேய்த்தான். அதிகமாகத் தேய்ந்து, கம்பி கொசுவாக ரீங்கரித்தது. அடியில் பஸ் டிக்கெட்டை மடித்து வைத்தான். கொசுவும் செத்தது, நாதமும் செத்தது. கிட்டார் கழுத்தின் நுனியில் கம்பிகளைத் தாங்கும் இன்னொரு துண்டுதான் குற்றவாளி என்று அதையும் நெம்பினான். மரமும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. பசை போட்டு ஒட்டினான்.

மூன்றாவது எலும்பை அளவாகத் தேய்த்து, கொழுப்பு போக வெந்நீரில் போட்டுவிட்டு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனான்.

திரும்பியபோது அம்மா டம்ளரை நீட்டினாள். "சூப்பு. ஒன் எலும்புதான். இம்புட்டுக்காணு இருந்தாலும் வீணாக்கலாமா?"

தவசிமுத்து தரையில் உட்கார்ந்துவிட்டான். கலியாணமும் இல்லை, சங்கீதமும் இல்லை. தன்னால் ஒரு எலும்பைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. பிறகு வேறு வழியில்லாமல் டம்ளருக்குள் விரலை விட்டு எலும்பை எடுத்து, மிளகைத் துடைத்துக் கிட்டாரில் பொருத்தினான்.

கிட்டார் கணீரென்றது. தெருமுனை வரை கேட்டது.

கிறிஸ்துமஸ் காலையில், முதல் பாட்டின் முதல் வரியிலேயே சர்ச் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இரண்டாவது வரியில் பாடுகிறவர்கள் ஆளுக்கொரு சுருதிக்குச் சிதறினார்கள். மூன்றாவதில் பரிபூரணம் கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினார். வாசலில் கிருபாபாயின் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாரும் போன பிறகு, மைக் செட் குருசாமி ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தவசிமுத்து கிட்டாரை அவரிடம் நீட்டினான்.

"அண்ணே, இன்னும் இதுல எதை மாத்தணும்?"

குருசாமி அவன் தோளில் கை வைத்தார்.

"அந்தப் பழைய பிளாஸ்டிக்கயே திரும்பப் போட்டுருங்க தம்பி. நாலு வருசமா நீங்க வாசிக்கிறது யாருக்கும் கேக்காமப் பாத்துக்கிட்டது அதுதான."